வீட்டு முற்றத்து மணலை அள்ள ஸ்னோபுளோவர் சரிப்படுமா?

தென்கரை_தங்கச்சிமடம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீடு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம். கரையிலிருந்து சுமார் 250 மீட்டர். வைகாசிக் கடைசியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) பிடித்தால் புரட்டாசி வரைக்கும் மணல் வந்துகொண்டே இருக்கும். முற்றம் 30 அடிக்கு 20 அடி, பாதி சிமெண்ட் தளம், பாதி வெறும் மண். ஆடி முடிவதற்குள் சராசரியாக அரை அடி ஏறிவிடுகிறது. தெற்குச் சுவரை ஒட்டி இரண்டடிக்கு மேல் நிற்கும்.

மாண்ட்ரியாலில் இருக்கும் அண்ணன் புது ஸ்னோபுளோவர் வாங்கப் போகிறார். பழையதை (24 அங்குல வாய், இரண்டு கட்டம், பெட்ரோல் இன்ஜின்) வீட்டுச் சாமானோடு கப்பலில் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். பனியை நாற்பது அடி தூரம் வீசுகிற மெஷின் மணலையும் வீசிவிடும் என்பது அவர் எண்ணம். இந்த மெஷினை உள்ளேயிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: மணலுக்கு இது ஆகுமா? ஆகாதென்றால் ஒரு வீட்டு அளவுக்கு வேறு என்ன வாங்கலாம்? கூடவே, அவர் அங்கே புதிதாக எதை எடுத்தால் நல்லது என்றும் சொன்னால் உதவி. வீட்டுக்கு முன்னால் இரண்டு கார் நிற்கும் தார்ப்பாதை.


மாண்ட்ரியால்_தேவிபட்டினம் பதில்:

தம்பி, அனுப்ப வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

முதலில் எடையைப் பாருங்கள். புதிதாக விழுந்த உலர் பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோதான். நாலு நாள் கிடந்து அமுங்கினால் 200, 300 ஆகும். உலர்ந்த கடற்கரை மணல் 1,500 முதல் 1,600 கிலோ. 24 அங்குல வாய் நாலு அங்குல ஆழத்தில் ஒரு மீட்டர் நகர்ந்தால் உள்ளே போவது 0.06 கன மீட்டர். புதுப் பனியானால் அது ஆறு கிலோ, மணலானால் 95 கிலோ. அந்த இன்ஜினும் பெல்ட்டும் அந்த ஆறு கிலோவை, போனால் இருபது கிலோவை மனதில் வைத்துச் செய்தவை.

உள்ளே இரண்டு கட்டமாக நடப்பது இது. முன்னால் இருக்கும் திருகுத் தகடு, அதாவது ஆகர், மெதுவாகச் சுற்றி இரண்டு பக்கத்துப் பனியையும் நடுவுக்குத் தள்ளும். அதற்குப் பின்னால் விசிறி போல இருக்கும் இம்பெல்லர் வேகமாகச் சுற்றி, புகைபோக்கி மாதிரி நிற்கும் குழாய் வழியே வெளியே வீசும். ஆகரைத் தண்டோடு பிணைப்பது ஷியர் பின் என்கிற மெலிந்த போல்ட். கல்லோ செய்தித்தாள் கட்டோ சிக்கினால் அது முறிந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். மணலில் கல் எதுவும் தட்ட வேண்டாம், சுமையிலேயே முறியும். "இது சும்மா முறிகிறது" என்று கடினமான சாதா போல்ட்டைப் போட்டு ஓட்டினால் அடுத்துப் போவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வெண்கல வார்ம் சக்கரம். அதன் பல் உதிர்ந்தால் மெஷின் அவ்வளவுதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: ஸ்னோபுளோவர் இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் ஏர் ஃபில்டரே கிடையாது. பனிக்காலக் காற்றில் தூசி இல்லை. ஃபில்டர் வைத்தால் பனித்தூள் படிந்து உறைந்து காற்று வழி அடைத்துக்கொள்ளும். அதனால் கார்புரேட்டர் வாய் திறந்தே இருக்கும், அதைச் சுற்றிச் சூட்டைப் பிடித்து வைக்க ஒரு தகட்டுப் பெட்டி. அதே இன்ஜினை மணல் பறக்கும் இடத்தில் ஓட்டினால் தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். ரிங் தேய்ந்து, அமுக்கம் குறைந்து, எண்ணெய் குடித்து, நீலப் புகை கக்க ஆரம்பிக்கும். உங்கள் ஊர் வெயிலில் அந்தத் தகட்டுப் பெட்டியே சூட்டைக் கூட்டும்.

தேய்மானம் வேறு. மணலில் பெரும்பங்கு படிகக்கல், கடினத்தில் சாதா இரும்பை விட ஒரு படி மேல். இம்பெல்லர் நுனியும் குழாயின் வளைவும் உள்ளிருந்து மெலியும். ஆகர் தண்டின் ஓரத்து புஷ்கள் பனிக்கும் தண்ணீருக்கும் தாங்கும், மணலுக்குத் தாங்காது. பனி ஒட்டிக்கொண்டு கட்டியாக ஏறும். உலர் மணல் தகட்டின் இடுக்கில் பின்னால் வழிந்து போய்விடும், அள்ளினதில் பாதி அங்கேயே கிடக்கும். வீசுகிற பாதியைக் கச்சான் காற்று உங்கள் ஜன்னலுக்கே திருப்பிக் கொடுக்கும்.

ஷியர் பின், பெல்ட் எதுவும் ராமநாதபுரத்தில் கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


கீழக்கரை_பட்டறை பதில்:

மேலே சொன்னது முழுக்கச் சரி. மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மணல் எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். 30 அடிக்கு 20 அடி, அரை அடி உயரம்: 300 கன அடி. லாரிக் கணக்கில் மூணு யூனிட். எடை கிட்டத்தட்ட 13 டன். வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த மூணு யூனிட்டை நகர்த்த வேண்டும் என்பதுதான் உங்கள் பிரச்சினை. இந்த அளவுக்கு மெஷினைச் சொந்தமாக வாங்கி உப்புக்காற்றில் வருஷம் முழுக்க நிறுத்தி வைப்பது வீண் செலவு. கார்புரேட்டரும் கேபிளும் ஓட்டத்தில் போவதை விட நிறுத்தத்தில்தான் சீக்கிரம் போகும்.

சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது தள்ளுவண்டி. கடையில் நிற்கும் ஒல்லிச் சக்கர வண்டி மணலில் புதையும். 4.00-8 அளவு காற்று டயர் போட்டதாகப் பாருங்கள். ஆட்டோவுக்குப் போடும் அதே அளவு, அதனால் டயர், டியூப், பஞ்சர் எல்லாம் பாம்பனிலேயே முடியும். காற்றைக் குறைவாக வையுங்கள், டயர் சப்பையாகப் பரவி நிற்க வேண்டும். வண்டியில் மூணு கன அடி பிடித்தாலும் இரண்டுக்கு மேல் போடாதீர்கள். இரண்டு கன அடி மணலே 88 கிலோ. இரண்டு பலகையை நீளவாக்கில் போட்டுச் சக்கரம் அதன் மேலேயே ஓடட்டும், தள்ளும் பலம் வெகுவாகக் குறையும். மூணு யூனிட் என்றால் 150 நடை. இரண்டு ஆள், இரண்டு நாள் வேலை.

இரண்டாவது வாருபலகை. வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருவதைப் பார்த்திருப்பீர்கள். மூணடி அகலம், பத்து அங்குல உயரப் பலகை, நடுவில் நீளக் கம்பு, இரண்டு ஓரத்திலும் வளையம் போட்டுக் கயிறு. ஒருவர் கம்பைப் பிடித்து அமுக்க, இன்னொருவர் முன்னால் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். முப்பது அடி தூரத்துக்குள் மணலைத் தூக்கிச் சுமப்பதை விட இழுத்து ஒதுக்குவது எவ்வளவோ மேல். பலகையின் அடி விளிம்பில் ஒரு இரும்புப் பட்டை அடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மரம் ஒரே பருவத்தில் தேய்ந்து வட்டமாகிவிடும்.

மூன்றாவது, வாய் அகன்ற ஷவல். மண்வெட்டி கொத்தி இழுக்கத்தான். மட்டமான தரையில் கிடக்கும் மணலை அள்ளிப் போட ஷவல்தான் வேகம்.

காற்று ஊதும் புளோவர் பற்றி யாராவது சொல்வார்கள். சிமெண்ட் தளத்தில் ஒரு விரற்கடைக்குக் குறைவாகப் படிந்த மணலுக்கு அது உதவும், அதற்கு மேல் உதவாது. கரண்டில் ஓடும் சின்ன கை புளோவர் வாங்கினால் தன்னைக் குளிர்விக்க இழுக்கும் காற்றோடு மணலையும் இழுத்து கார்பன் பிரஷ்ஷைத் தின்றுவிடும். பெட்ரோல் புளோவரானால் ஒவ்வொரு தடவையும் ஓட்டி முடித்ததும் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிக் கழுவ வேண்டும். மூக்கைத் தரையோடு படுக்கையாகப் பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் மணல் எழும்பி உங்கள் கண்ணுக்கும் பக்கத்து வீட்டு அடுப்படிக்கும் போகும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் ஓட்டக்கூடாது.

எந்தச் சாமானானாலும் வெளியே தெரியும் செயினுக்கும் சக்கர அச்சுக்கும் எண்ணெயை ஊற்றாதீர்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரைக்கிற பசை. நிப்பிள் வழியாக கிரீஸ் அடித்து, வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.


தென்கரை_தங்கச்சிமடம்:

பட்டறை அண்ணே, ரொம்ப நன்றி. யூனிட் கணக்கில் யோசிக்கவே இல்லை. ஜேசிபியை வைத்து ஒரே நாளில் முடிக்கலாமா? கேட் ஐந்தடிதான். தெற்குச் சுவர் நாலடி உயர ஹாலோ பிளாக், துளை எதுவும் இல்லை. சுவருக்கு வெளியே 70 அடி எங்கள் பட்டா, அதற்கப்பால் மணல்மேடு. வீட்டுக்கு வடக்கே ரோடு. சுவரை ஆறடிக்கு உயர்த்தினால் மணல் வருவது நிற்குமா?


வேலி_பெரியபட்டினம் பதில்:

தம்பி, சுவரை உயர்த்தாதீர்கள். இப்போதே உங்கள் தொல்லையில் பாதி அந்தச் சுவரால்தான் வருகிறது.

மணல் ஆகாயத்தில் பறந்து வருவதில்லை. காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் உலர்ந்த மணல் தத்தித் தத்தி நகர ஆரம்பிக்கும். அதில் மிகப் பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள்தான் ஓடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு வரும், அதனால்தான் ஆடியில் சில நாள் காற்றிலேயே முற்றம் மூடிவிடுகிறது. துளையில்லாத சுவரில் காற்று முட்டி வெளிப்பக்கம் மணலைச் சரிவாகக் குவிக்கும். அந்தச் சரிவு உச்சிக்கு வந்ததும் அதுவே ஏணி, மேலேறி உள்ளே இறங்கும். உள்ளே சுவரின் நிழலில் காற்று ஓய்ந்து கிடப்பதால் வந்த மணல் அங்கேயே விழும். நீங்கள் சொன்ன இரண்டடிக் குவியல் அப்படி வந்ததுதான். ஆறடியாக உயர்த்தினால் கொஞ்ச காலம் தள்ளிப்போகும், பிறகு ஆறடிச் சரிவு உருவாகும். ஹாலோ பிளாக் சுவர் ஒரு பக்கத்து மணல் பாரத்தில் சாயவும் செய்யும்.

வேண்டியது பாதி அடைத்து பாதி திறந்த வேலி. நூற்றுக்கு நாற்பதிலிருந்து ஐம்பது பங்கு இடைவெளி இருந்தால் காற்று ஊடே போகும், ஆனால் வேகம் செத்து மணலைப் பின்னால் போட்டுவிடும். நம் பக்கம் பனைமட்டைக்குப் பஞ்சமில்லை. மட்டையை நெட்டுக்குத்தாக நட்டு, ஒரு மட்டை அகலம், அடுத்து அதே அகலம் சந்து என்று விட்டு, குறுக்கே இரண்டு வரிசை கட்டுங்கள். ஓலைத்தட்டியாகப் பின்னினால் நெருக்கம் அதிகமாகி அதுவும் சுவர் மாதிரி ஆகிவிடும், முதல் பலத்த காற்றில் படுத்தும்விடும். நாற்றங்காலுக்கு விற்கும் 50 சதவீத நிழல்வலையும் நல்லது. கம்பம் ஆறடிக்கு ஒன்று, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். பழைய மீன்வலை உதவாது. கண் பெரிது, மணல் நிற்காது, நாயும் பறவையும் மாட்டிக்கொள்ளும்.

பனி நாடுகளில் சாலையோரம் கட்டும் பனிவேலிக்கு அடியில் சந்து விடுவார்கள், வேலி சீக்கிரம் புதையாமல் இருக்க. மணல்வேலிக்கு அது கூடாது. மணல் ஓடுவதே அந்த அடி ஒரு அடியில்தான். வலையை அரை அடி மண்ணுக்குள் புதையுங்கள்.

இடம் முக்கியம். நாலடி வேலிக்குப் பின்னால் மணல் படிவது உயரத்தைப் போல எட்டு, பத்து மடங்கு தூரம் வரை, அதாவது 40 அடி. அதனால் வேலிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் குறைந்தது 40 அடி வெறுமையாக விடுங்கள். உங்கள் 70 அடியில் முதல் வரிசை சுவரிலிருந்து 65 அடியில், இரண்டாவது 48 அடியில் வைத்தால் சரியாக வரும். கச்சான் நேர் தெற்கிலிருந்து வருவதில்லை, மேற்கே சாய்ந்து வரும். வேலி மேற்குப் பக்கம் வீட்டின் ஓரத்தைத் தாண்டி இருபது, முப்பது அடியாவது நீள வேண்டும், இல்லையென்றால் மணல் சுற்றிக்கொண்டு வரும். வேலி முக்கால்வாசி புதைந்ததும் தோண்டி எடுக்க வேண்டாம், அதன் மேலேயே புதிதாக ஒன்று நடுங்கள். மேடு தானாக வளரும், வளர்ந்த மேடே அடுத்த தடுப்பு.

அந்த மேட்டைப் பிடித்து வைக்க ராவணன் மீசையும் அடம்பங்கொடியும் நடுங்கள். இரண்டும் நம் கரையிலேயே கிடைக்கும், ஆனால் கரை மேட்டில் இருப்பதை வேரோடு பிடுங்கக்கூடாது, ஓரத்தில் ஓடும் தண்டை மட்டும் வெட்டுங்கள். இரண்டு மூன்று கணு உள்ள துண்டை ஒரு சாண் ஆழத்தில் படுக்க வைத்து, நுனி வெளியே தெரியும்படி மூடுங்கள். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அப்போதுதான் வேர் பிடிக்கும். சித்திரையில் நட்டால் வெயிலில் கருகும். மழை பிடிக்கும் வரை வெட்டிப் போட்ட சீமைக்கருவேலக் கிளையை வரிசையாகப் பரப்பி வைத்தாலே மணல் தங்கும். காய் இல்லாத கிளையாகப் பாருங்கள், முள் உதிரும் என்பதால் நடமாடும் வழியில் போடாதீர்கள்.

மணல்மேட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியில் மணல்மேட்டைக் கலைக்கத் தடை இருக்கிறது. விதியை விடுங்கள், 250 மீட்டரில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் புயல் அலையில் முதல் காவல் அதுதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு நடந்தது நடந்த தீவு இது. முற்றத்தில் அள்ளியதை மேட்டின் வீட்டுப்பக்க அடிவாரத்திலேயே கொண்டுபோய்ப் போடுங்கள். கட்டட வேலைக்குக் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். உரிமம் இல்லாமல் மணல் விற்பது குற்றம், உப்பு மணல் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து அவர்கள் வீட்டையும் கெடுக்கும்.


மாண்ட்ரியால்_தேவிபட்டினம்:

அண்ணன் கேட்டதற்கு. தார்ப்பாதை, இரண்டு கார் அகலம், மாண்ட்ரியால். இங்கே ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர் பனி. ஒற்றைக் கட்ட மெஷின் ரப்பர் துடுப்பால் தரையைத் தொட்டே வாரும், சுத்தமாக எடுக்கும், எடையும் குறைவு. ஆனால் எட்டு அங்குலத்துக்கு மேல் விழுந்த நாளில் திணறும். அதை விடப் பெரிய சிக்கல், நகராட்சி வண்டி ரோட்டைத் தள்ளிக்கொண்டு போகும்போது வீட்டு வாசலில் விட்டுப்போகும் வரப்பு. உப்பும் சகதியும் கலந்து, ஒரு ராத்திரியில் கல்லாக இறுகிவிடும். அதை உடைக்க இரண்டு கட்ட மெஷினின் பல் வைத்த இரும்பு ஆகர்தான் வேண்டும். 24 அங்குலம், 200 முதல் 250 சிசி போதும். 30 அங்குலம் வாங்கினால் கராஜில் திருப்ப இடம் இருக்காது. வாய் அகலத்துக்கு ஏற்ற இன்ஜின் இல்லாத மெஷின் சகதிப் பனியில் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கடையில் பார்க்கும்போது, கைப்பிடியில் விசையை அழுத்தினால் ஒரு பக்கச் சக்கரத்தை விட்டுத் திருப்ப முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் 90 கிலோ மெஷினைத் திருப்புவது தோள்பட்டைக்கு ஆகாது. ஆகர் கியர்பாக்ஸ் வார்ப்பிரும்பா, அலுமினியமா, திறந்து பழுது பார்க்கக்கூடியதா என்று கேட்க வேண்டும். ஓரத்துச் சறுக்குக் காலைத் தாருக்கு அரைக்கால் அங்குலம் உயர்த்தி வைத்தால் போதும், சரளைக்கல் பாதையானால் ஒரு அங்குலம். எண்ணெய் 5டபிள்யூ-30. பருவம் முடிந்ததும் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கக்கூடாது, அடுத்த பனியில் ஸ்டார்ட் ஆகாததற்கு பத்தில் எட்டு தடவை அதுதான் காரணம். உதிரி ஷியர் பின் நாலு எப்போதும் கைப்பிடியில் கட்டி வைக்கட்டும்.

குழாய் அடைத்தால் கையை உள்ளே விடவே கூடாது. இன்ஜினை நிறுத்திய பிறகும் பெல்ட்டின் இறுக்கத்தில் இம்பெல்லர் ஒரு சுற்றுச் சுற்றும், விரல் போக அது போதும். மெஷினோடு வரும் பிளாஸ்டிக் குச்சியால் மட்டும் குத்தி எடுக்க வேண்டும்.


கீழக்கரை_பட்டறை:

ஜேசிபி பற்றிக் கேட்டீர்கள். வண்டி ஏழு டன்னுக்கு மேல், அகலமும் ஏழடிக்கு மேல், ஐந்தடி கேட்டில் நுழையாது. சுவரை உடைத்து உள்ளே விட்டாலும் செப்டிக் டேங்க் மூடி மேலேயோ தண்ணீர்த் தொட்டி மேலேயோ ஏறினால் ஸ்லாப் போய்விடும்.

வழி இருக்கிறது. வண்டியை வடக்கே ரோட்டில் நிறுத்துங்கள். பின்கை ஐந்து மீட்டருக்கு மேல் எட்டும், சுவரைத் தாண்டி உள்ளிருந்து அள்ளும். முந்தின நாளே வாருபலகையால் மணலை வடக்குச் சுவருக்கு உள்பக்கம், இரண்டடி தள்ளி, நீளவாட்டில் ஒதுக்கி வைத்துவிட்டால் மூணு யூனிட்டை ஒரு மணி நேரத்துக்குள் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிவிடலாம். வாடகை பெரும்பாலும் மணிக்கணக்கு, வந்துபோகும் நேரமும் சேரும். அதனால் பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிடுங்கள். முட்டுக்கால் ஊன்றும் இடம் சுவர் அடித்தளத்திலிருந்து ஐந்தடியாவது தள்ளி, அடியில் பலகை கொடுத்து இருக்க வேண்டும். மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள், கை முழுக்கத் தூக்கினால் கம்பி உயரம் வரும்.

மாசி, பங்குனி வாக்கில் கடற்கரைப் பக்கம் இந்த வேலை வைக்க வேண்டாம், ஆமை முட்டையிடும் காலம். உங்களுக்குத் தேவையும் அப்போது வராது. ஆவணி நடுவில் ஒரு தடவை, கச்சான் ஓய்ந்த பிறகு ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை என்று வைத்தால் போதும். மழைக்கு முன் அள்ளாவிட்டால் முற்றத்துத் தண்ணீர் வடியும் துளையை மணல் அடைத்து, தண்ணீர் வீட்டு வாசற்படி ஏறும். அந்தத் துளைக்கு ஒரு கம்பிவலைக் கூடை வைத்து, அதை வாரம் ஒருமுறை தூக்கிக் கொட்டுங்கள்.


தென்கரை_தங்கச்சிமடம்:

அண்ணனிடம் சொல்லிவிட்டேன், பழைய மெஷினை அங்கேயே விற்றுவிடுகிறார். மட்டை வேலியை இந்தச் சித்திரையிலேயே கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: போர் தண்ணீர் உப்பு. முற்றத்து மணல் மேல் அதைத் தெளித்தால் பறப்பது குறையுமா?


வேலி_பெரியபட்டினம்:

குறையும். லேசான ஈரமே மணலைப் பிடித்து வைக்கும், காய்ந்த பிறகு உப்பு மெல்லிய பொருக்காக நின்று இன்னும் சில நாள் காக்கும். காலால் மிதித்தால் உடைந்துவிடும், அதனால் நடக்காத பகுதிக்கு மட்டும், சாயங்காலம் தெளியுங்கள். அடம்பங்கொடி உப்பைத் தாங்கும், தென்னையும் வாழையும் நிற்கும் பாத்திப் பக்கம் ஒரு குடம்கூட விடாதீர்கள். கேட்டின் கீல், கிரில் பக்கமும் வேண்டாம், துரு சீக்கிரம் பிடிக்கும்.